சிறுவரின் கிட்டப்பார்வையும் அதன் வளர்ச்சியைத் தணிக்கும் வழிகளும்

ஐம்பொறிகளுள் கண்ணே தலைமையுடையது என்பது யாவரும் ஒப்ப முடிந்த உண்மையாகும். அன்புக்குரியாரைக் ‘கண்ணே’ என விளிப்பதும், அருமையாகப் பேணப்படும் பொருளை ‘இமை கண்ணைக் காப்பதுபோலக் காத்தான்’ என்று கூறுவதும் நம்மவர் வழக்கு. அங்ஙனமிருந்தும், நம் சிறுவர் கண்களில் ஆண்டுதோறும் சிறிது சிறிதாக வளர்ந்துவரும் ஒரு குறையினை நாம் பெரிதாகக் கருதுவதில்லை. “மூக்குக்கண்ணாடி வாங்கிக் கொடுத்துவிட்டோம், இனிக் கவலையில்லை” என்று அமைந்துவிடுகின்றோம். அக்குறைக்குக் கிட்டப்பார்வை என்று பெயர். கண்ணாடி அதனை அப்போதைக்கு ஈடுசெய்யுமேயன்றி, அது மேன்மேலும் வளர்வதை நிறுத்தாது. அவ்வளர்ச்சியைத் தணிக்க வழியுண்டோ எனின், உண்டு என்று சென்ற இருபதாண்டுகளாக நடந்துவரும் ஆராய்ச்சிகள் விடை பகர்கின்றன. அவ்வழிகள் யாவை, அவற்றுள் உறுதியானவை எவை, ஐயத்திற்குரியவை எவை என எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இதனை எழுதப் புகுந்தமைக்கு எம் சொந்த அனுபவமும் ஒரு காரணமாகும். யாம் சிறுவராயிருந்த காலத்தில் கரும்பலகையில் எழுதப்படுவன எமக்கு வெண்புகை போலவே தோன்றின. பிறர்க்கும் அங்ஙனமே தோன்றும் என எண்ணியிருந்தோம். ஆகவே அருகிருந்த தோழனது ஏட்டைப் பார்த்தெழுதினோம். அதற்காகப் பிரம்படி பட்டோம். ‘மந்தபுத்தியுடையவன்’ என்னும் பெயரும் பெற்றோம். ஈராண்டு சென்றபின் உறவினர் ஒருவர், எதிரே வரும் தம்மை யாம் அறிந்துகொள்ளாமை கண்டு ஐயுற்று, எம்மைக் கண் வைத்தியரிடம் அழைத்துச் சென்றார். கண்ணாடி அணிந்து வெளிப்போந்த அன்று, தூரத்தே வரும் பேருந்தின் நெற்றியில் எழுதியிருந்த ஊர்ப் பெயரை ஒருவரையும் கேளாமல் யாமே படித்தோம். அம்மகிழ்ச்சி இன்றும் எம் நினைவில் உள்ளது. ஆயினும் அன்று இரண்டாயிருந்த கண்ணாடியின் வலு, யாம் கல்லூரி வாயிலை மிதித்தபோது எட்டாயிற்று. இன்று ஆண்டுதோறும் விழித்திரையைச் சோதித்துக்கொள்ள வேண்டியவராயுள்ளோம்.

நிற்க. எட்டு வயதினளாகிய எம் மகள் தொலைக்காட்சிப் பெட்டியை நெருங்கி நெருங்கி அமர்வதைச் சென்ற ஆண்டு கண்ணுற்றபோது எம் உள்ளம் துணுக்குற்றது. கொண்ட ஐயம் மெய்யாகவே முடிந்தது. வைத்தியர் கண்ணாடிச் சீட்டை எழுதிக்கொண்டிருக்கையில், “அப்பா, எனக்கும் உங்கள் கண்ணாடி மாதிரி கனமாகிவிடுமா?” என்று அவள் கேட்டாள். அப்போது எம்மால் விடை கூற இயலவில்லை. அவ்வினாவிற்கு விடை தேடியதன் பயனையே ஈண்டு மாணவ நண்பர்கட்கும், ஆசிரியப் பெருமக்கட்கும், இக்கல்லூரியினின்றும் சென்று இன்று பெற்றோராயும் ஆசிரியராயும் விளங்கும் பழைய மாணவர்க்கும் உரியதாக்குகின்றோம்.

கிட்டப்பார்வையின் இயல்பு

கண்ணின் முன்புறத்துள்ள ஒளிபுகும் படலமும், அதற்கு உள்ளே அமைந்த வில்லையும், புறத்தேயிருந்து வரும் ஒளிக்கதிர்களை வளைத்துப் பின்புறத்துள்ள விழித்திரையின்மேல் குவிக்கின்றன. வளைக்கும் ஆற்றலும் கண்ணின் நீளமும் ஒன்றற்கொன்று பொருந்தியிருப்பின், தொலைவிலுள்ள பொருள் தெளிவாகத் தோன்றும். கண்ணானது முன்பின்னாக அளவிற்கு மேல் நீண்டுவிடின், கதிர்கள் விழித்திரையை எய்துமுன்னரே குவிந்து, பின்னர்ச் சிதறி அதன்மேல் விழுகின்றன. ஆதலின் தொலைப்பொருள் மங்கலாகவும், அண்மைப்பொருள் தெளிவாகவும் தோன்றுகின்றன. உருவம் விழித்திரையின்மேல் விழுகின்றது என்பதையும், குழிவில்லை கிட்டப்பார்வையுடையார்க்கு எங்ஙனம் உதவுகின்றது என்பதையும் முதன்முதல் செவ்வனே விளக்கியவர், கோள்களின் இயக்கத்தை ஆராய்ந்து புகழ்பெற்ற கெப்ளர் என்பார். அவர் அதனை வெளியிட்டது 1604-ஆம் ஆண்டில் ஆகும்.

பிறந்த குழவியின் கண் ஏறக்குறைய 17 மில்லி மீட்டர் நீளமுடையது. வளர்ந்தோர் கண் ஏறக்குறைய 24 மில்லி மீட்டர். இவ்வளர்ச்சி தன் எல்லையில் நிற்றல் வேண்டும். எல்லை கடந்து ஒரு மில்லி மீட்டர் நீளுமாயின், ஏறக்குறைய இரண்டரை டயாப்டர் கிட்டப்பார்வை உண்டாகும். டயாப்டர் என்பது நாம் வழக்கில் ‘பவர்’ என்று கூறும் வலுவின் அளவு. அதன் பொருளை அறிதல் எளிது. ஒரு டயாப்டர் குறையுடையார்க்கு ஒரு மீட்டருக்கு அப்பால் தெளிவில்லை. இரண்டாயின் அரை மீட்டருக்கு அப்பால் தெளிவில்லை. ஐந்தாயின் இருபது சென்டி மீட்டருக்கு அப்பால் உலகம் முழுவதும் மங்கலே.

இங்கு ஒன்று மனத்திற் பதித்துக்கொள்ளற்பாலது. வளர்ந்த பிள்ளையின் உயரம் மீளவும் குறையாதவாறு போல, நீண்ட கண் மீளவும் குறுகுவதில்லை. ஆதலால் கிட்டப்பார்வையை ‘மாற்றுவோம்’ என்று கூறுவோர் கூற்றை நம்புதல் ஆகாது. வராமற் காத்தலும், வந்தபின் அதன் வேகத்தைத் தணித்தலுமே நம்மாலாவன.

அஞ்சுதற்குரிய காரணம்

கண்ணாடி அணிந்தால் நன்றாகத் தெரிகின்றதே, அஃது இரண்டாயிருந்தால் என், எட்டாயிருந்தால் என் என்று வினவுவார் உளர். கண் நீளுந்தோறும் அதன் உட்புறத்துப் படலங்கள் இழுக்கப்பட்டு மெலிகின்றன. ஊதப்பட்ட பலூனின் தோல் மெலிவது போல் என்று கொள்க. அதன் பயனாக, நடுவயதிலும் முதுமையிலும் விழித்திரை பிய்தலும், அதன் நடுப்பகுதி நலிதலும், கண்ணின் நரம்பு தேய்தலும் பிறர்க்கு நேர்வதினும் மிகுதியாக நேர்கின்றன. இவை கண்ணாடியால் தீரும் குறைகளல்ல; பார்வையையே கவர்ந்துகொள்ளும் தன்மையன. ஒருவருக்கு இறுதியில் நிற்கும் கிட்டப்பார்வையில் ஒரேயொரு டயாப்டரைக் குறைத்துவிடினும், விழித்திரையின் நடுப்பகுதி நலியும் அபாயம் நூற்றுக்கு நாற்பது பங்கு குறையும் என 2019-ஆம் ஆண்டில் வெளிவந்த ஒரு கணக்கீடு காட்டிற்று. ஆகவே எட்டில் நிற்பது ஆறில் நின்றால் அது சிறிய ஊதியமன்று.

இக்குறை எந்த வயதில் தொடங்குகின்றது என்பதும் முக்கியமானது. ஆறேழு வயதில் தொடங்கினால், வளர்தற்குரிய ஆண்டுகள் பல உள. வேகமும் அப்பருவத்தில் மிகுதி. பன்னிரண்டில் தொடங்கினால் அத்துணை இல்லை. அமெரிக்காவில் பல்லாண்டு தொடர்ந்து நடத்தப்பெற்ற ஓர் ஆராய்ச்சியில், கிட்டப்பார்வையுடைய சிறாருள் ஏறக்குறையப் பாதிப்பேர்க்குப் பதினைந்து வயதளவிலும், நான்கில் மூன்று பங்கினர்க்குப் பதினெட்டு வயதளவிலும், பத்தில் ஒன்பதின்மர்க்கு இருபத்தொரு வயதளவிலும் அது வளராது நின்றது. இதனைப் படிக்கும் மாணவருட் பலர்க்கு அஃது நின்றுவிட்டது, அல்லது நிற்கும் தருவாயில் உள்ளது. ஆனால் அவர்தம் இளைய தம்பி தங்கையர்க்கோ அஃது இப்போதுதான் தொடங்கும் பருவம்.

உலகளவில் நோக்கின், 2000-ஆம் ஆண்டில் கிட்டப்பார்வையுடையார் 140 கோடிப் பேர் என்றும், 2050-ஆம் ஆண்டளவில் அவர் தொகை 476 கோடியாக, அஃதாவது மக்கட்டொகையிற் பாதியளவாக, உயரக்கூடும் என்றும் 2016-ஆம் ஆண்டில் அறிஞர் மதிப்பிட்டனர். தில்லி மாநகரில் ஐந்து முதல் பதினைந்து வயதுக்குட்பட்ட பள்ளிச் சிறார் ஏறக்குறையப் பதினாயிரவரைச் சோதித்து 2015-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியில் நூற்றுக்குப் பதின்மூவர் இக்குறையுடையராய்க் காணப்பட்டனர். கீழை ஆசியப் பெருநகரங்களிற் காணப்படும் அளவினும் இஃது மிகக் குறைவு. ஆதலின் நாம் அந்நிலையை அடையாமற் காத்துக்கொள்ள இன்னும் காலம் உண்டு.

காரணத்தைத் தேடிய வரலாறு

பெற்றோர் இருவரும் கிட்டப்பார்வையுடையராயின் பிள்ளைக்கும் அது வரும் வாய்ப்பு மிகுதி என்பது உண்மையே. எனினும் ஒரு தலைமுறைக்குள் இத்துணைப் பெருகிய குறைக்குப் பரம்பரை ஒன்றையே காரணமாகக் கூறுதல் பொருந்தாது. மக்களின் பிறவிக்கூறு அத்துணை விரைவில் மாறுவதன்று. வாழ்க்கை முறையே ஆராயத்தக்கது.

இவ்வாராய்ச்சியைத் தொடங்கிவைத்தவருள் முதல்வராக வைத்து எண்ணத்தக்கவர் ஹெர்மன் கோன் என்னும் கண் வைத்தியர். இவர் பிரெஸ்லாவ் நகரத்தினர். அந்நகர் அக்காலத்தில் பிரஷ்ய நாட்டைச் சார்ந்திருந்தது, இன்று போலந்து நாட்டைச் சார்ந்தது. இவர் பதினாயிரத்து அறுபது பள்ளிச் சிறாரின் கண்களைச் சோதித்து, முடிவுகளை 1867-ஆம் ஆண்டில் வெளியிட்டார். சிற்றூர்ப் பள்ளிகளில் நூற்றுக்கு இருவரும் இலர். உயர்நிலைப் பள்ளிகளிலோ நான்கில் ஒரு பங்கினர்க்கு மேல் கிட்டப்பார்வையுடையராயிருந்தனர். வகுப்பு உயர உயரக் குறையும் உயர்ந்தது. இதற்கு அவர் கூறிய பரிகாரங்கள், மாணவர் குனியாது எழுதத்தக்க மேசைகளும், வகுப்பறைக்கு மிகுந்த வெளிச்சமுமாம். பிற்காலத்தார் மேசையையும் படிப்பையும் பற்றியே நெடுங்காலம் ஆராய்ந்தனர். வெளிச்சத்தைப் பற்றிய பகுதி நூறாண்டிற்கு மேலாக மறக்கப்பட்டுக் கிடந்தது.

1977-ஆம் ஆண்டில் வீசெல், ரவியோலா என்னும் இருவர், குரங்குக் குட்டிகளின் கண்ணிமையைத் தைத்து மூடிவைக்க, அம்மூடிய கண் அளவிற்கு மேல் நீண்டுவிடுதலைக் கண்டனர். இவருள் வீசெல் என்பார் பார்வை பற்றிய பிற ஆராய்ச்சிகளுக்காக 1981-ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றவர். பின்னர், 1988-ஆம் ஆண்டில், கோழிக்குஞ்சுகளுக்குக் குழிவில்லை அணிவிக்கக் கண் விரைந்து நீளுவதும், குவிவில்லை அணிவிக்க நீட்சி தணிவதும் காணப்பட்டன. கண் தானே ஒரு குறித்த அளவிற்கு வளர்ந்து நிற்பதன்று; தன்மேல் விழும் உருவத்தின் தெளிவைத் துணையாகக் கொண்டே தன் நீளத்தைத் தானே அளந்து வளர்கின்றது என்பது இவற்றாற் புலனாயிற்று. விழித்திரையின் நடுப்பகுதி மட்டுமன்றி, ஓரப்பகுதியும் அவ்வளர்ச்சியை ஆள்கின்றது என்பதும் 2005-ஆம் ஆண்டளவில் குரங்குகளிடத்து நிறுவப்பட்டது. இவ்வுண்மை பின்னர்ப் புதுவகைக் கண்ணாடிகட்கு அடிப்படையாயிற்று.

வெயிலும் வெளியும்

2008-ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஒப்பீடு அறிஞருலகை வியப்பில் ஆழ்த்திற்று. சிங்கப்பூரிலும், ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரிலும் வாழும் சீன மரபினராகிய ஆறேழு வயதுச் சிறாரை அது ஒப்பிட்டது. இரு திறத்தாரும் ஒரே இனத்தினர். இரு திறத்தாருடைய பெற்றோரிடத்தும் கிட்டப்பார்வை ஏறக்குறைய ஒத்திருந்தது. ஆயினும் சிங்கப்பூர்ச் சிறாருள் நூற்றுக்கு 29 பேர் அக்குறையுடையர். சிட்னிச் சிறாருள் நூற்றுக்கு மூவரே. சிட்னிச் சிறார் குறைவாகப் படித்தனரோ எனின், இல்லை. அவரே வாரந்தோறும் மிகுதியான புத்தகங்களைப் படித்தனர். வேற்றுமை ஒன்றே பெரிதாகத் தெரிந்தது. சிட்னிச் சிறார் வாரத்திற் பதினான்கு மணி நேரத்திற்குச் சற்றுக் குறைவாக வீட்டிற்கு வெளியே கழித்தனர். சிங்கப்பூர்ச் சிறார் மூன்று மணி நேரமே கழித்தனர்.

வெளியிடத்தில் அப்படி யாதுளது? ஒளியே உளது. ஒளியின் அளவு லக்ஸ் என்னும் அலகாற் கூறப்படும். நன்றாக விளக்கிடப்பட்ட வகுப்பறையில் 300 முதல் 500 லக்ஸ் வரை இருக்கும். நடுப்பகல் வெயிலிலோ ஒரு லட்சம் லக்ஸ் அளவு உண்டு. மரநிழலிற்கூடப் பல்லாயிரம் லக்ஸ் இருத்தல் கூடும். நம் கண் இருளுக்கும் ஒளிக்கும் ஏற்பத் தன்னை அமைத்துக்கொள்வதால் இப்பெரு வேற்றுமை நமக்குத் தோன்றுவதில்லை. ஒளி மிகும்போது விழித்திரையில் டோப்பமைன் என்னும் ஒரு பொருள் சுரந்து, கண் நீளுவதை அடக்குகின்றது என்பது இன்று பலராலும் ஏற்கப்பட்ட கருத்து. ஆகவே ஓடியாடுதல் மட்டுமே மருந்தன்று. மரநிழலில் அமர்ந்து கதை கேட்பினும் பயனுண்டு.

இவ்வுண்மை பள்ளிகளிலேயே சோதித்துப் பார்க்கப்பட்டது. சீனத்தின் குவாங்சோ நகரில் பன்னிரண்டு பள்ளிகளைத் தேர்ந்து, அவற்றுள் ஆறில் முதல் வகுப்புச் சிறார்க்கு நாள்தோறும் நாற்பது நிமிஷம் வெளியிட வகுப்பு ஒன்றைக் கூட்டினர். மூன்றாண்டு முடிவில், ஏனைப் பள்ளிகளில் நூற்றுக்கு 39.5 பேர்க்குக் கிட்டப்பார்வை புதிதாகத் தோன்ற, இப்பள்ளிகளில் 30.4 பேர்க்கே தோன்றிற்று. இது 2015-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. தைவான் நாடோ 2010-ஆம் ஆண்டு தொடங்கிப் பள்ளிச் சிறார் நாள்தோறும் 120 நிமிஷம் வெளியிலிருக்குமாறு ஊக்கும் திட்டத்தை நாடு முழுவதும் நடத்திற்று. அதற்குமுன் ஆண்டுதோறும் ஏறிக்கொண்டேயிருந்த பார்வைக் குறைவு, 2012-ஆம் ஆண்டில் நூற்றுக்கு 49.4 ஆக இருந்து, 2015-ஆம் ஆண்டில் 46.1 ஆக இறங்கிற்று. இறக்கம் சிறிதேயாயினும், ஏறுமுகமாயிருந்தது இறங்குமுகமாயிற்று என்பதே நோக்கத்தக்கது.

இதன் மறுதலையையும் உலகம் கண்டது. கொரோனாத் தொற்றின் காரணமாகச் சிறார் வீட்டினுள் அடைபட்ட 2020-ஆம் ஆண்டில், சீனத்தின் ஃபெய்செங் நகரில் ஆறு வயதுச் சிறாருள் கிட்டப்பார்வையுடையார் நூற்றுக்கு 21.5 ஆயினர். அதற்கு முந்திய ஐந்தாண்டுகளில் எவ்வாண்டிலும் அத்தொகை 5.7-ஐத் தாண்டியதில்லை.

ஈண்டு ஒரு நுட்பம் கூறாது விடலாகாது. வெளியிட வாழ்வு கிட்டப்பார்வை வராமற் காப்பதில் வலியது. வந்தபின் அதன் வளர்ச்சியைத் தணிப்பதில் அத்துணை வலியதன்று. ஆதலின் குறை தோன்றிய பிள்ளைக்கு வெயிலோடு வேறு துணையும் வேண்டும்.

படிப்பும் இடைவெளியும்

அங்ஙனமாயின் புத்தகம் குற்றமற்றதோ? முற்றும் குற்றமற்றது எனக் கூறுதற்கில்லை. சிட்னியில் நடந்த ஆராய்ச்சியில், மொத்தம் எத்துணை நேரம் படித்தனர் என்பதினும், முப்பது சென்டி மீட்டருக்குக் குறைவான தூரத்தில் வைத்துப் படித்தலும், அரைமணி நேரத்திற்கு மேல் இடையறாது படித்தலுமே கிட்டப்பார்வையோடு தொடர்புடையனவாகக் காணப்பட்டன. ஆதலின் நூலை ஒன்றரைச் சாண் தூரத்திற்குக் குறையாமற் பிடித்தலும், அரைமணிக்கு ஒருமுறை எழுந்து சாளரத்தின் வழியே தொலைவில் நோக்குதலும் நற்பழக்கங்கள். கைப்பேசியோ புத்தகத்தினும் சிறியது. அதனைச் சிறுவர் மூக்கின்மேல் ஒட்டியதுபோல் பிடிப்பர். பலமணி நேரம் கீழே வையார். தீமை அதன் ஒளியினால் விளைவதைவிட, அதன் அண்மையாலும், அது வெயிலினின்று பிள்ளையைப் பிரித்து வீட்டினுள் இருத்திவிடுவதாலுமே விளைகின்றது.

கண்ணாடி வகைகள்

‘வலுவைச் சற்றுக் குறைத்துக் கண்ணாடி கொடுத்தால் கண் சோம்பாது, குறையும் வளராது’ என்பது நெடுநாளைய நம்பிக்கை. மலேசியாவில் இதனைச் சோதித்து 2002-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியில், குறைத்துக் கொடுக்கப்பட்ட சிறார்க்கே கிட்டப்பார்வை மிகுதியாக வளர்ந்தது. எனவே முழு வலுவுடைய கண்ணாடியை அணிவித்தலே முறை. கண்ணாடி அணிவதால் கண் கெடும் என்று அஞ்சிப் பெட்டியில் வைத்துப் பூட்டுதல் பேதைமை.

சாதாரணக் குழிவில்லை நடுப்பார்வையைத் தெளிவாக்கினும், விழித்திரையின் ஓரத்தில் உருவத்தைத் திரைக்குப் பின்னே விழச் செய்கின்றது. அது கண்ணை ‘இன்னும் நீள்க’ என ஏவுவது போலாகும். இதனை நோக்கி, நடுவில் தெளிவான வட்டமும், அதனைச் சூழ நூற்றுக்கணக்கான மிகச் சிறிய குவிவில்லைகளும் அமைந்த கண்ணாடிகள் செய்யப்பட்டுள்ளன. பார்வைக்கு இவை ஏனைய கண்ணாடிகளைப் போலவே இருக்கும். ஹாங்காங் பல்தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தார் எட்டு முதல் பதின்மூன்று வயதினரிடம் ஈராண்டு சோதித்து 2020-ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவின்படி, இவ்வகைக் கண்ணாடியணிந்தார்க்குக் கிட்டப்பார்வை வளர்ச்சி நூற்றுக்கு 52 பங்கும், கண்ணின் நீட்சி 62 பங்கும் குறைந்தன. இவை தம் பயனைத் தருதற்கு நாள் முழுவதும் அணியப்படல் வேண்டும்.

கண்ணின்மேல் ஒட்டி அணியும் மெல்லிய வில்லைகளிலும் இம்முறை கையாளப்பட்டுள்ளது. அத்தகைய ஒருநாள் வில்லை மூன்றாண்டுச் சோதனையில் வளர்ச்சியை நூற்றுக்கு 59 பங்கு தணித்ததாக 2019-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. இரவில் உறங்கும்போது அணிந்து காலையில் எடுத்துவிடும் கடின வில்லையும் ஒன்றுண்டு. அது கருவிழிப் படலத்தைச் சற்று அழுத்தி அமைப்பதால், பகலிற் கண்ணாடியின்றியே பார்க்கலாம். கண்ணின் நீட்சியையும் அது நூற்றுக்கு 43 பங்கு தணித்ததாக ஹாங்காங்கில் 2012-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சி கூறிற்று. எனினும் இவ்வில்லைகளைக் குழாய் நீரிற் கழுவினாலும், கையைத் தூய்மை செய்யாமல் எடுத்தாலும், கண்ணிற் கொடிய புண் உண்டாகிப் பார்வையே கெடலாம். தூய்மையைத் தவறாது பேணும் குடும்பத்தார்க்கே இவை ஏற்றவை.

அட்ரோப்பின் என்னும் மருந்து

இறுதியாக ஒரு சொட்டு மருந்தைப் பற்றிக் கூறுவாம். அட்ரோப்பின் என்பது பெல்லடோனா என்னும் செடியினின்று எடுக்கப்பெற்ற பொருள். உயிர்நூலை அறுக்கும் கிரேக்கத் தெய்வமாகிய அட்ரோப்பாஸ் என்பாளின் பெயரே இச்செடிக்கு இடப்பட்டது. அதன் நஞ்சுத்தன்மை அத்தகையது. இதனை மிக நீர்த்த நிலையில் இரவுதோறும் ஒரு சொட்டு விட்டுவரின் கிட்டப்பார்வையின் வேகம் தணிகின்றது என்பது சிங்கப்பூரிலும் ஹாங்காங்கிலும் ஆராயப்பட்டது. ஹாங்காங்கில் நான்கு முதல் பன்னிரண்டு வயதுடைய சிறாரிடம் நடத்திய சோதனை 2019-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அதன் முதலாண்டில், நூற்றில் 0.05 பங்கு வலுவுடைய மருந்து வளர்ச்சியை 67 சதவீதமும், 0.025 பங்குடையது 43 சதவீதமும், 0.01 பங்குடையது 27 சதவீதமும் தணித்தன. ஆனால் 2023-ஆம் ஆண்டில் வெளியான ஓர் அமெரிக்கச் சோதனையில், 0.01 பங்கு மருந்து வெறுஞ் சொட்டினும் மேம்பட்டதாகக் காணப்படவில்லை. ஆகவே அளவு முக்கியம். பிள்ளைக்குப் பிள்ளை வேறுபாடும் உண்டு. வலு மிகின் வெயிலிற் கண் கூசும். அண்மை எழுத்து மங்கும். திடீரென நிறுத்தின், தணிந்திருந்த வளர்ச்சி மீண்டும் விரைதலும் கூடும். இவற்றை அறிந்து அளந்து தர வல்லவர் கண் வைத்தியரே.

நம் ஊர்ப்புறத்துக் குப்பைமேடுகளில் தானே முளைக்கும் ஊமத்தையிலும் இவ்வகை நஞ்சு உள்ளது. “அட்ரோப்பின் நல்லதாம், ஊமத்தையிலும் அஃது இருக்கின்றதாம்” என்று கேள்வியுற்று எவரேனும் அதன் சாற்றைப் பிள்ளை கண்ணில் விடத் துணிவாராயின், அதனினும் கொடிது பிறிதில்லை. செடிச்சாற்றில் நஞ்சின் அளவு இன்னதென அறியவொண்ணாது. பிள்ளையின் உயிர்க்கே இறுதி நேரலாம். இதனை வற்புறுத்திக் கூறுகின்றோம்.

பயனற்றவை சில

கண்ணை உருட்டிப் பழகும் பயிற்சிகளாலும், காரட் கிழங்கை மிகுதியாக உண்பதாலும் நீண்ட கண் குறுகாது. காரட்டும் கீரையும் மாலைக்கண் வராமற் காக்க வேண்டற்பாலன. கிட்டப்பார்வைக்கு அவை மருந்தல்ல. செந்நிற ஒளியைக் கண்ணுட் செலுத்தும் கருவியொன்று சீனத்தில் பரவிற்று. அது பயன் தந்ததாகச் சோதனைகள் கூறினும், விழித்திரைக்குத் தீங்கு நேர்ந்த செய்தியும் வெளிவந்தமையால், அதனை அணுகாதிருத்தலே அறிவுடைமை.

நாம் செய்யத்தக்கவை

இனி, இவற்றையெல்லாம் தொகுத்து நோக்குவோம். பள்ளியிற் சேர்க்குமுன் ஒருமுறையும், பின்னர் ஆண்டுதோறும் ஒருமுறையும் பிள்ளையின் கண்ணைச் சோதிப்பித்தல் வேண்டும். தனக்குத் தெரியவில்லை என்று பிள்ளை தானே கூறாது, ஏனெனில் தெளிவு இன்னதென அஃது அறியாது. நாள்தோறும் இரண்டு மணி நேரமேனும் பகல் ஒளியில் வெளியே இருக்கவிடல் வேண்டும். நூலுக்கும் கண்ணுக்கும் இடையே தூரமும், படிப்பிற்கு இடையே ஓய்வும் வேண்டும். குறை தோன்றின், முழுக் கண்ணாடி அணிவித்து, அதன் வேகம் மிகுதியாயின் மேற்கூறிய கண்ணாடி, வில்லை, மருந்து ஆகியவற்றுள் ஏற்றதொன்றை வைத்தியரைக் கலந்து தெரிந்துகொள்ளல் வேண்டும். இவற்றுட் சில பொருட்செலவு மிக்கன. வெயிலோ ஏழைக்கும் செல்வர்க்கும் ஒன்றுபோல இலவசமாகக் கிடைப்பது.

ஆசிரியராகும் நம் மாணவர்க்கு ஒரு சொல். பரீட்சை நெருங்குங்கால் விளையாட்டு வேளையைக் கணக்குப் பாடத்திற்கு வாங்கிக்கொள்வதும், வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளையை இடைவேளையில் வகுப்பறையுள் இருத்தித் தண்டிப்பதும் பல பள்ளிகளில் வழக்கமாயுள்ளன. பிள்ளையின் நன்மை கருதியே அங்ஙனம் செய்கின்றனர். ஆனால் அப்போது பறிக்கப்படுவது ஆட்டம் மட்டுமன்று, கண்ணுக்கு உரிய ஒளியுமாம் என்பதை அவர் அறியார். கரும்பலகையைக் காண இயலாது பக்கத்திலிருப்போன் ஏட்டைப் பார்த்தெழுதும் பிள்ளையைக் கண்டால், பிரம்பை எடுக்குமுன் “உனக்கு எழுத்துத் தெரிகின்றதா?” என்று ஒருமுறை கேட்குமாறு வேண்டுகின்றோம். எம்மை அன்று அங்ஙனம் கேட்டிருப்பின் ஈராண்டுகள் வீணாகியிரா.

‘கண் கெட்டபின் சூரிய நமஸ்காரம்’ என்பது நம் முன்னோர் பழமொழி. கண் கெடுமுன்னரே சூரிய ஒளியை நாடுக என்பது இக்கால ஆராய்ச்சி நமக்குக் கற்பிக்கும் பாடம். ஒளியில் ஆடுக என்றோமேயன்றி, சூரியனை உற்றுநோக்குக என்றோமல்லோம் என்பதை இளையோர் மறவாதிருப்பாராக.

எம் மகளின் வினாவிற்கு யாம் கூறிய விடை இது: “அம்மா, கண்ணாடி இல்லாமற் போகாது. ஆனால் என்னுடையதைப்போல அவ்வளவு கனமாக ஆகாமலிருக்க நாம் இருவரும் முயல்வோம்.” இப்போது அவள் சிறுவில்லைகள் பதித்த கண்ணாடியை அணிகின்றாள். மாலையில் பள்ளி விட்டதும் பையை வாயிலில் எறிந்துவிட்டுத் தெருவிற்கு ஓடுகின்றாள். முன்போல அவளை யாம் தடுப்பதில்லை. ஆறு திங்களுக்கு ஒருமுறை கண்ணின் நீளத்தை அளந்து வருகின்றோம். முதல் அளவிற்கும் இரண்டாம் அளவிற்கும் இடையே வேற்றுமை சிறிதே. அதனைக் கொண்டு வெற்றி என்று முரசறைய மாட்டோம். அவள் வளர இன்னும் பல ஆண்டுகள் உள. எனினும், யாம் சிறுவராயிருந்தபோது செய்வதற்கு ஒன்றுமில்லை என்று விடப்பட்ட குறைக்கு, இன்று செய்தற்குரியன சில உள என்பதே எமக்கு ஆறுதல். அவ்வாறுதலை இதனைப் படிப்போர் தத்தம் இல்லத்துச் சிறார்க்கும் பயன்படுத்துவாராக.